நாரங்காயும் ஆரஞ்சும்

ஒரு சொல் தான் பிறந்த வீட்டை விட்டு வெளியேறிப் பன்னாடு சுற்றிப் பல பெயர் பூண்டு, முடிவில் அதே வீட்டு வாயிலில் அயலானாக வந்து நிற்பதும், வீட்டார் அதனை இன்னாரென்று அறியாது நடுக்கூடத்தில் அமர்த்தித் தம் மக்களைத் திண்ணைக்கு அனுப்புவதும் மொழி வரலாற்றில் அரிதாக நிகழ்வன. அத்தகைய நிகழ்ச்சியொன்று நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. பழக்கடையிலும் பள்ளியிலும் நாம் நாள்தோறும் வழங்கும் 'ஆரஞ்சு' என்னும் சொல்லின் கதையே அது.

சென்ற திங்கள் ஏழாம் வகுப்பில் நிறப்பெயர்கள் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பிள்ளைகள் அடுக்கி வந்தனர். மாணவியொருத்தி எழுந்து, "ஐயா, ஆரஞ்சுக்குத் தமிழில் என்ன?" என்று வினவினாள். நான் வாய் திறக்குமுன் பின்வரிசைப் பையனொருவன், "ஆரஞ்சுக்குத் தமிழ் ஆரஞ்சுதான்" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. நண்பகல் உணவு வேளையில் அப்பக்கம் சென்றேன். வினவிய அச்சிறுமி தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு உண்டது நாரத்தங்காய் ஊறுகாய்! விடை அவள் கையிலேயே இருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. தெரிவிக்காதது நம் குற்றம்.

ஆரஞ்சு என்பது ஆங்கிலச் சொல் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். ஆங்கிலேயனைக் கேட்டால் அவன் அதனைத் தனதென்று கூறான். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் பிரெஞ்சிலிருந்து அதனை அவன் பெற்றான். பிரெஞ்சுக்காரனுக்கு அது தென்னைரோப்பிய மொழிகளிலிருந்து வந்தது. இத்தாலியத்தில் அது 'அராஞ்சா'; இசுபானியத்தில் 'நரங்ஃகா'; போர்த்துக்கீசியத்தில் 'லராஞ்சா'; அங்கேரியில் 'நரஞ்ச்'. இவையனைத்துக்கும் முன்னோடி அரபியின் 'நாரஞ்ச்'. அரபிக்குக் கொடுத்தது பாரசீகத்தின் 'நாரங்க்'. பாரசீகத்துக்குக் கொடுத்தது வடமொழியின் 'நாரங்க'. இவ்வளவும் ஐரோப்பியர் தாமே தம் அகரமுதலிகளில் எழுதி வைத்திருப்பது, நாம் புனைந்ததன்று. அவ்வகரமுதலிகள் இன்னும் ஓரடி மேற்சென்று, வடமொழிச் சொல்லும் பெரும்பாலும் திரவிட மொழியினின்று சென்றதே என்றும் குறிக்கின்றன. அந்தக் கடைசி அடியையே நம்மவர் பலர் படிப்பதில்லை.

இங்கு இரண்டு செய்திகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலாவது, சொல்லின் தலை போனது. இசுபானியத்திலும் அரபியிலும் முதலில் நிற்கும் நகரம் பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இல்லை. 'ஒரு' என்று பொருள்படும் முன்னொட்டு அம்மொழிகளில் 'ன'கர ஒலி கொண்டது. 'ஊனா நரஞ்சா' என்று சொல்லுங்கால் இரு னகர நகரங்கள் அடுத்தடுத்து நிற்கவே, கேட்டவன் ஒன்றை முன்சொல்லுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்தான். பிரெஞ்சில் பொன்னைக் குறிக்கும் 'ஓர்' என்னும் சொல்லின் நினைவும் சேர்ந்து முதலெழுத்தை ஒகரமாக்கிற்று என்பர். ஆங்கிலத்தில்தான் இந்நகரம் கெட்டது என்று சிலர் எழுதுகின்றனர், அது பிழை. ஆங்கிலக் கரையை அடையுமுன்பே அச்சொல் தலையிழந்துவிட்டது.

இரண்டாவது, சொல்லின் வால் திரிந்தது. பாரசீகத்தின் 'ங்க்' அரபியில் 'ஞ்ச்' ஆனமைக்குக் கரணியம் எளிது. ககரத்தின் மெல்லொலி செவ்வரபியில் இல்லை. அவர்கள் அதனைச் சகர மெல்லொலியாக்கியே வழங்குவர். ஆகவே நாம் இன்று ஒலிக்கும் ஆரஞ்சில் தலை பிரெஞ்சுக்காரன் வெட்டியது. வால் அரபியன் மாற்றியது. நடுவில் எஞ்சியிருப்பதே பழைய உடல்.

அவ்வுடலை நம் வீட்டில் தேடுவோம். தமிழில் நாரத்தை, மலையாளத்தில் மரம் நாரகம், காய் நாரங்ங. மலையாளத்தின் 'ங்ங' ஈறு என்ன என்பதில்தான் கதையின் உயிர்நிலை உள்ளது. நாம் தேங்காய் என்பதை அவர்கள் தேங்ங என்பர். மாங்காய் என்பதை மாங்ங என்பர். நம் முன்னோர் வழுதுணங்காய் என்றதை அவர்கள் வழுதனங்ங என்பர். ஆகவே 'ங்ங' என்பது மெல்லெழுத்து மிக்கு நின்ற 'காய்' என்னும் சொல்லின் தேய்ந்த வடிவமேயன்றி வேறன்று. அவ்வாறாயின் நாரங்ங என்பது நாரங்காய். வடமொழி 'நாரங்க' என்பதன் ஈறும் அதுவே என்பது மொழியறிஞர் சிலர் முடிபு. வடமொழியிலோ அச்சொல் நாரங்கமென்றும் நாகரங்கமென்றும் இருவேறு வடிவில் வழங்குகின்றது. காய் எது, முதனிலை எது என்று பிரித்துக் காட்டுதற்கு அங்கு வழியில்லை. தென்மொழிகளில்தான் மரமும் காயும் தனித்தனிப் பெயரோடு ஒரு குடும்பமாக நிற்கின்றன.

இது தனியொரு சொல்லின் விந்தை என்று எவரும் தள்ளாதிருக்க, உடன்சென்ற இரண்டினையும் காட்டுவேன். ஆங்கிலத்தின் 'மேங்கோ' போர்த்துக்கீசிய 'மங்கா' வழியாகச் சென்றது. அதற்கு மூலம் நம் மாங்காய், அல்லது மலையாள மாங்ங. இதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. வழுதுணங்காயின் செலவோ இன்னும் நெடிது. வடமொழியில் 'வாதிங்கண' என்றும், பாரசீகத்தில் 'பாதிங்கான்' என்றும், அரபியில் 'பாதிஞ்சான்' என்றும் திரிந்து, இசுபானியத்தில் 'பெரெங்ஃகேனா' ஆகி, போர்த்துக்கீசியத்தில் 'பெரிஞ்செலா' ஆகிற்று. அரபியின் 'அல்' என்னும் முன்னொட்டையும் சேர்த்துக்கொண்டு பிரெஞ்சில் 'ஓபர்சீன்' ஆயிற்று. போர்த்துக்கீசிய வடிவே இந்நாட்டு ஆங்கிலத்தில் 'பிரிஞ்சால்' என்று திரும்பி வந்தது. இதற்கும் மூலம் திரவிடமே என்று கருதுவோர் உளர். இங்கும் பாரசீகத்தின் ங்க அரபியில் ஞ்ச ஆவதைக் காண்க. ஐகார ஈற்றுச் சொல் காயென்னும் சொல்லொடு புணருங்கால் ஈறழிந்து அம்முச்சாரியை பெறும் என்பதற்கு நன்னூல் உரையில் நாம் படிக்கும் எடுத்துக்காட்டு வழுதுணங்காய். அதே விதியால்தான் நாரத்தை, நாரத்தங்காய் ஆகின்றது.

ஆனால் பெருமிதம் கொள்ளுமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல் வேறு, பழம் வேறு. நாம் இன்று உரித்துண்ணும் இனிப்புப் பழம் நம் மண்ணில் தோன்றியதன்று. எலுமிச்சை, நாரத்தை முதலிய இனமனைத்தும் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தையும் அதனை அடுத்த அசாம், பர்மா, தென்மேற்குச் சீனப் பகுதிகளையும் தாயகமாகக் கொண்டவை என்று 2018-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டுகின்றது. பம்பளிமாசும் மென்றோற் கிச்சிலியும் கலந்து பிறந்த இனிப்புப்பழம் சீனத்தில் வளர்ந்தது. அரபியர் மேற்கே கொண்டு சென்றது புளிப்பும் கசப்பும் உடைய காயையே. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன் இனிப்புப்பழம் ஐரோப்பாவில் பரவியபோது, புளிப்புக் காயின் பெயரே பலவிடத்தும் அதற்கும் ஆயிற்று. காய் முன்னே சென்றது. பழம் அதன் பெயரைப் பின்னே பெற்றது.

பெயரைப் பெறாத நாடுகளும் உண்டு. அவை சொல்லும் கதையும் சுவையானது. செருமானியர் 'அப்பெல்சீனெ' என்கின்றனர். ஒல்லாந்தர் 'சீனாசப்பல்' என்கின்றனர். இரண்டுக்கும் 'சீனத்து ஆப்பிள்' என்பதே பொருள். உருசியர் செருமானியர் பக்கத்துச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். கிரேக்கர், துருக்கியர், உருமேனியர் ஆகியோர் போர்த்துக்கல் நாட்டுப் பெயரால் 'போர்த்தொகாலி', 'போர்த்தகால்', 'போர்த்தொகாலெ' என்கின்றனர். நாரஞ்சைக் கொடுத்த அரபியரும், நாரங்கைக் கொடுத்த பாரசீகரும் கூட இனிப்புப்பழத்தை அந்நாட்டின் பெயராலேயே அழைக்கின்றனர்! பழைய சொல்லைக் கசப்புக்கும் புளிப்புக்கும் ஒதுக்கி வைத்தனர். ஒவ்வொரு மக்களும் அப்பழம் தம்மிடம் வந்த வழியைப் பெயரில் எழுதி வைத்தனர். நாம் மட்டும் அது இலண்டனிலிருந்து வந்ததாக எழுதி வைத்திருக்கிறோம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றேன். அண்மையில் ஒரு கூட்டத்தில் நம் இயக்கத் தம்பி ஒருவர், கற்றவர் பலர் முன்னிலையில், ஆங்கிலச் சொற்கள் பலவும் தமிழே என்று ஒரு பட்டியலைப் படித்தார். அதில் ஆரஞ்சும் இருந்தது. அதனோடு நிறுத்தினாரில்லை. பிரான்சு நாட்டில் ஆரஞ்சு என்றோர் ஊருண்டு. அதுவும் நாரத்தையே என்றார். ஒல்லாந்து அரச குடிக்கு ஆரஞ்சுக் குடி என்று பெயர். அவர்களும் தமிழ்த் தொடர்பினரே என்றார். எதிரில் அமர்ந்திருந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர் அமைதியாக எழுந்தார். அவ்வூரின் பழம்பெயர் 'அராவுசியோ' என்றும், அது உரோமர் காலத்துக்கும் முற்பட்ட கெல்த்தியப் பெயர் என்றும், பழத்துக்கும் ஊருக்கும் தொடக்கத்தில் எத்தொடர்பும் இல்லை என்றும், ஒலியொப்புமையால் பிற்காலத்தில் இரண்டும் ஒன்றாயின என்றும் விளக்கினார். 1544-இல் அவ்வூரின் உரிமை ஒல்லாந்து விடுதலைப் போரின் தலைவரான வில்லியத்துக்கு வந்தது. அதனால் அக்குடிக்கு அப்பெயர். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆறும் அக்குடியின் பெயரால் 1779-இல் பெயரிடப்பட்டதே. அயர்லாந்தில் 1795-இல் தோன்றிய ஆரஞ்சுக் கழகமும் அக்குடியில் வந்த மூன்றாம் வில்லியத்தின் பெயர் தாங்கியதே. பழம் எங்கே, படை எங்கே!

அவையோர் நகைத்தனர். அதன்பின் தம்பி சொன்ன மாங்காயையும் ஒருவரும் நம்பவில்லை. கட்டுமரத்தையும் சுருட்டையும் வெட்டிவேரையும் மிளகுத்தண்ணீரையும் கூட நம்பவில்லை. இவை எவராலும் மறுக்கவொண்ணாத தமிழ்ச் சொற்கள். ஆங்கில அகரமுதலிகளே ஏற்றவை. ஒரு பொய், பத்து மெய்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வீழ்ந்தது. கூட்டம் முடிந்து திரும்புகையில், "ஐயா, நான் தமிழுக்காகத்தானே சொன்னேன்" என்று தம்பி வருந்தினார். "தம்பி, தமிழுக்காகச் சொல்வதற்குத் தமிழில் உண்மையே வேண்டுமளவு இருக்கிறது. பொய்யைக் கடன் வாங்க வேண்டியது வறியவன்" என்றேன்.

அன்பர்களே, அத்தம்பியைக் கடிந்துரைக்கும் தகுதி எனக்கும் முழுதாக இல்லை. நானும் நெடுங்காலம் நாரத்தைக்கு 'நாறு' என்பதே வேர் என்று வகுப்பில் கற்பித்து வந்தேன். பழந்தமிழில் நாறுதல் என்பது மணம் வீசுதல். தீநாற்றமாக அது இழிந்தது பிற்காலத்தில். மணமுள்ள காய் என்பதால் நாறு, நாரங்காய் என்பது கேட்க இனிக்கும். ஆனால் நாறு என்பதில் நிற்பது வல்லின றகரம். நாரத்தையில் நிற்பது இடையின ரகரம். இரண்டையும் நம் முன்னோர் வேறு வேறு எழுத்தாகவே போற்றினர். மலையாளத்தாரும் அவ்வேறுபாட்டை இன்றுவரை காக்கின்றனர். பிறர் செய்தால் பிழையென்று நாம் சுட்டும் ஒன்றை நமக்காக நாம் செய்யலாமா? குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலும், அதியமானை நினைந்து ஔவையார் பாடிய புறப்பாட்டிலும் வரும் 'நரந்தம்' என்னும் சொல் ரகரமே உடையது, மணத்தோடு தொடர்புடையது. ஆயினும் உரைகாரர் அச்சொல்லுக்கு இடத்துக்கேற்பப் பூவென்றும் புல்லென்றும் மணப்பொருள் என்றும் பொருள் கூறுகின்றனர். ஆகவே நாரத்தைக்கும் நரந்தத்துக்கும் உறவு கூறலாம். நாறு என்பதோடு முடிச்சிடுதற்கு இன்னும் சான்று வேண்டும். இதனை இப்பொழுது வகுப்பில் அவ்வாறே கூறுகின்றேன். கூறியதால் தமிழ் சிறுத்துவிடவில்லை.

1916-இல் தனித்தமிழுக்கு வித்திட்ட மறைமலையடிகளும், வேர்ச்சொல்லாய்வில் தம் வாழ்நாளைக் கரைத்து 1981-இல் மறைந்த பாவாணரும் நமக்கு விட்டுச்சென்ற பணி பெரிது. பணி பெரிதாதலின் கருவியும் கூரிதாக இருத்தல் வேண்டும். ஒலியொப்புமை மட்டும் கருவியாகாது. சொல் சென்ற வழி, சென்ற காலம், கொண்டு சென்றோர், இடைப்பட்ட மொழிகளின் ஒலியியல்பு ஆகிய நான்கும் பொருந்தியே சொல்லின் பிறப்பு நிலைபெறும். ஆரஞ்சுப் பழம் இந்நான்கிலும் பெரிதும் தேறுகின்றது. ஆரஞ்சு ஊர் ஒன்றிலும் தேறவில்லை.

இங்கே ஒருவர் வினவலாம்: "ஆரஞ்சு நம் வேரினின்றே பிறந்ததாயின், அதனையே வழங்கினால் என்ன? வெளியூர் சென்ற மகள் திரும்பி வந்தால் வீட்டில் சேர்க்கமாட்டீரோ?" நல்ல வினா. மகள் வரட்டும், வேண்டாமென்பார் யார்? ஆனால் அவள் வந்ததும், வீட்டிலேயே இருந்து பணி செய்த உடன்பிறந்தாரெல்லாம் வெளியேற வேண்டுமென்றால் அது வரவா, படையெடுப்பா? ஆரஞ்சு என்று கூறும் பிள்ளைக்கு நாரத்தை நினைவுக்கு வருவதில்லை. நரந்தம் நினைவுக்கு வருவதில்லை. தலையும் வாலும் இழந்த சொல் தன் உறவைத் தானே காட்டமாட்டாது. மலையாளத்தில் ஆங்கிலச் சொல் புகுந்துவிட்ட இந்நாளிலும் எலுமிச்சையைச் 'செறுநாரங்ங' என்பர். இனிப்புப்பழத்தை 'மதுரநாரங்ங' என்பர். சிறு பிள்ளையும் இனத்தை அறியும். சொல்லே பாடம் நடத்துகின்றது.

நிறத்தின் செய்தி இன்னும் கூரியது. பழைய ஆங்கிலத்தில் இந்நிறத்துக்குத் தனிச்சொல் இருந்தது. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்த 'மஞ்சட்சிவப்பு' என்பதே அதன் பொருள். நம் செம்மஞ்சள் எவ்வாறு அமைந்ததோ அவ்வாறே அமைந்தது. பழம் வந்து, அதன் பெயர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறத்துக்கும் ஆனபின், அச்சொல் நினைவிலும் இல்லாதொழிந்தது. செம்மஞ்சள் மார்புடைய ஒரு சிறு குருவியை ஆங்கிலேயர் இன்றும் 'செம்மார்பன்' என்றே அழைக்கின்றனர். பழநிறப்பெயர் வருமுன் இட்ட பெயராதலின். ஆங்கிலேயன் இழந்துவிட்ட அமைப்பு நம்மிடம் உயிரோடிருக்கிறது. அவன் இழந்ததை நாமும் இழந்தால்தான் நாகரிகம் என்று கருதுவது என்ன அறிவு? ஈழத்தமிழர் செம்மஞ்சள் என்றே பாடநூலிலும் எழுதினர். பேச்சிலும் பழத்தைத் 'தோடம்பழம்' என்றே வழங்குகின்றனர். அவர்கட்கு அது கடினமாக இல்லை.

நாம் செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. புளிப்பினத்துக்கு நாரத்தை உண்டு. அதனை ஊறுகாய்ப் பானையோடு மறைந்துவிட விடாதிருப்போம். இனிப்பினத்துக்குக் கிச்சிலி உண்டு. கன்னடத்தார் 'கித்தளெ' என்று வழங்குவதும் அதற்கு உறவென்றே தோன்றுகின்றது. தோடை என்பார் தோடை என்க. நிறத்துக்குச் செம்மஞ்சள் உண்டு. ஆசிரியர்கள் வண்ணப் பாடத்தில் அதனை எழுதுக. பெற்றோர் பழத்தை உரிக்கும்போது பெயரையும் சேர்த்து ஊட்டுக.

ஒருநாள் மாலை பழக்கடையில், "கிச்சிலிப்பழம் என்ன விலை, அம்மா?" என்று கேட்டேன். முதிய கடைக்கார அம்மையார் ஒரு நொடி என்னை உற்று நோக்கினார். புரியவில்லை போலும் என்று எண்ணினேன். "அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, ஐயா! எங்கள் அம்மா அப்படித்தான் சொல்லும்" என்று கூறி, எடைக்கு மேல் ஒரு பழம் இட்டார். அருகில் நின்ற அவர் பேரன், "கிச்சிலின்னா என்ன, பாட்டி?" என்றான். பாட்டி விளக்கத் தொடங்கினார்.

மறுநாள் ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் நாரங்காய் என்று எழுதினேன். அதன்கீழ் நாரங்க், நாரஞ்ச், அராஞ்சா, ஆரஞ்சு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். 'ஆரஞ்சுக்குத் தமிழ் ஆரஞ்சுதான்' என்ற அப்பையனையே அழைத்து, கீழிருந்து மேலாகப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்து அவன் சற்று நின்றான். பின்பு, "ஐயா, அப்படியென்றால் நாம்தான் மறந்துவிட்டோமா?" என்றான்.

இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.